வெள்ளைப் பூ எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது

புதுச்சத்திரம்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

மஸ்கட் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியையே ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டிருக்கும் என் மகள் ரஞ்சிதாவுக்கு, உன் அப்பனுக்கு அண்ணனும், அவன் போன பிறகு உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவனுமாகிய பெரியப்பன் குருமூர்த்தி எழுதுவது என்னவென்றால், இங்கே நான், உன் பெரியம்மா பூவாத்தாள், உன் மகள் மதுமதி, போன வாரம் ஈன்ற எருமை, அதன் கன்று எல்லோரும் கருப்பணார் காவலில் நல்லபடியாக இருக்கிறோம். மதுவின் அப்பா, மாப்பிள்ளை குமாரசாமி, லாரியில் நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், அவரும் நலம், நேற்று ஏதோ ஒரு டோல்கேட்டில் நின்றுகொண்டு பேசினார். அங்கே உன் உடம்பு எப்படி, வெயில் எப்படி என்று விசாரிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நீ பெரியம்மாவிடம் பேசுகிறாய், மதுவிடம் பேசுகிறாய், போன் என் கைக்கு வரும்போது மட்டும் சொல்லி வைத்தது போல் உனக்கு டியூட்டி வந்துவிடுகிறது. நானும் ரிக் வண்டியில் ஊர் ஊராகத் தண்ணீருக்குப் போர் போட்டுத் திரிந்தவன்தான் சாமி, சிக்னல் எப்போது போகும், எப்போது போனதாகச் சொல்லுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். நம் ஊர் பால் சொசைட்டிக்காரர் மகன் முருகானந்தம் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவன் பெட்டியில் பெரியம்மா இடித்துக் கொடுத்த பருப்புப் பொடியோடு இதுவும் வருகிறது. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார். நான் எட்டாவதோடு நின்றவன் என்றாலும் அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்து டிகிரிக்குச் சமம், ஆகையால் எழுத்துப் பிழையெல்லாம் இருக்காது, இருந்தால் அது பேனாவின் குற்றம்.

நீ என்மேல் கோபமாக இருப்பது நியாயம்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. கடைசியாகப் பேசிய அன்று நீ கேட்டாய், "வெள்ளைப் பூ வந்துருச்சுன்னு நீங்கதானே கோயில்ல இருந்து போன் போட்டுச் சொன்னீங்க, நான் வார்டு பூரா சாக்லெட் குடுத்தனுங்க, அப்புறம் ஏன் பெரியப்பா புள்ளையக் கொண்டு போயி வேற ஸ்கூல்ல சேத்துனீங்க, கருப்பணாரையே ஏமாத்திப் போட்டீங்களா" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம் முழுக்க. கருப்பணாரை நான் ஏமாற்றவில்லை. ஏமாற்ற நினைத்தாலும் அவர் ஏமாறுகிற ஆள் இல்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், அங்கங்கே என் பேச்சு கொஞ்சம் பெரிதாகத் தெரியலாம், நான் எழுதும்போதே பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறாள், அவள் திருத்தியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மதுவின் பத்தாவது மார்க்கு வந்த அன்று உனக்கு உடனே சொன்னோம், ஐந்நூற்றுக்கு முந்நூற்றுப் பதினேழு. ஊரில் கேட்டவர்களிடம் நான் முந்நூற்று ஐம்பதை ஒட்டி என்று சொன்னேன். ஒட்டி என்றால் எத்தனை தூரத்தில் ஒட்டி என்று பெரியம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். போகட்டும். உன் மகள் மக்கும் இல்லை, முதல் பெஞ்சும் இல்லை. இத்தனை வருடம் ஸ்கூலுக்குப் போனாள், ஒரு டீச்சர் அவளைப் பற்றிப் புகார் சொன்னதில்லை, ஒரு டீச்சர் அவளை மேடையில் ஏற்றியதும் இல்லை. ஒரு பாடத்தைப் படிப்பாள், புரியாது, மறுபடி படிப்பாள், பாதி புரியும், இன்னொரு தடவை படித்தால் முழுசாகப் புரியும், புரிந்த பிறகு அவளிடமிருந்து அதை யாரும் பிடுங்க முடியாது. அந்தக் கடைசித் தடவை வரைக்கும் காத்திருக்கிற ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவள் விஷயம். ஆனால் நீ அன்றைக்கே சொல்லிவிட்டாய், நாமக்கல் ரோட்டில் இருக்கிற அந்தப் பெரிய ஹாஸ்டல் ஸ்கூல்தான், உயிரியல் குரூப்தான், நீட் கோச்சிங்தான், டாக்டர் பின்னால் தட்டு ஏந்திக்கொண்டு நான் நடந்தது போதும், என் மகள் முன்னால் நடக்க வேண்டும் என்று. அது என் பொறுப்பு அம்மிணி, நீ நிம்மதியாக வேலையைப் பார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் கொடுத்த வாக்கு என்றால் அது போர்க்குழிக்குள் கல்லில் இறங்கின கேசிங் பைப் மாதிரி, மேலே வராது.

அந்த ஸ்கூலுக்கு நானும் மதுவும் பெரியம்மாவும் போனோம். திருவிழாக் கூட்டம் அம்மிணி, நாலு மாவட்டத்து ஜனமும் அங்கேதான் நின்றது. என்னைப் பார்த்ததும் வாட்ச்மேன் எழுந்து கேட்டைத் திறந்தான். எல்லாருக்கும்தான் திறந்தான் என்கிறாள் பெரியம்மா, எழுந்தது எனக்கு மட்டும்தான். அந்தக் கிரவுண்டில் இருக்கிற போர் நம் வண்டி போட்டது, அந்தப் பிள்ளைகள் குளிக்கிற தண்ணீர் என் கை ராசி, அதை ஆபீசில் சொன்னேன். உள்ளே இருந்தவர் தங்கமாகக் கேட்டுக்கொண்டு டோக்கனைக் கையில் கொடுத்தார். மது ஒரு பரீட்சை எழுதினாள். பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்கள், சீட் உண்டு, உயிரியல் குரூப் கிடைக்கும், ஆனால் இந்த மார்க்குக்கு இவளைக் கடைசி பேட்ச்சில்தான் போடுவோம், மாதா மாதம் டெஸ்ட் வைப்போம், மேலே வந்தால் மேலே, இல்லாவிட்டால் அங்கேயேதான் என்று. எனக்கு அப்போது சீட் உண்டு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. குற்றம் சொல்ல மாட்டேன், பெரிய ஸ்கூல்தான், சாப்பாடு சுத்தம், கட்டடம் நாலு மாடி, படிப்பில் பறக்கிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஹாஸ்டலைச் சுற்றிக் காட்டினார்கள். மது அங்கே ஒரு பிள்ளையிடம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அந்தப் பிள்ளை புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் நீட்டிக் காட்டியது. கோபமில்லை, கெட்ட பிள்ளையும் இல்லை, நேரமில்லை அதற்கு. மது அந்தப் பக்கம் போகாமலே திரும்பி வந்துவிட்டாள். வரும் வழியில் ஆண்டகளூர்கேட்டில் வண்டியை நிறுத்தி அவளுக்குப் பிடித்த பன் பட்டர் வாங்கிக் கொடுத்தேன், பாதியைச் சாப்பிட்டு மீதியைப் பேப்பரில் மடித்து மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். நான்தான் வழி நெடுக டாக்டர் மதுமதி என்று பெயர்ப்பலகை எந்த இடத்தில் வைக்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பெரியம்மா எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, ராசிபுரம் தாண்டி நாமகிரிப்பேட்டை ரோட்டில் பெரியநாயகி பெண்கள் மேல்நிலைப்பள்ளி என்று ஒன்று இருக்கிறதாம், தனியார் ஸ்கூல்தான், பெண் பிள்ளைகள் மட்டும், தினம் வேனில் போய் வரலாம், அதையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்றாள். எதற்கு என்றேன். பார்க்கத்தானே, பார்த்தால் கண் தேய்ந்து போகுமா என்றாள். சரி, நானும் பழைய ரிக் வாங்கும்போது ஒரே வண்டியைப் பார்த்து முடிவு செய்ததில்லை, நாலைந்து வண்டியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். போனோம். ஓட்டுக் கட்டடம் பாதி, தளம் போட்டது பாதி, முன்னால் இரண்டு வேப்பமரம். வாட்ச்மேன் எழவில்லை, ஆனால் உட்கார பெஞ்சு காட்டினார். தலைமையாசிரியை மயிலம்மாள் டீச்சர், என் வயதிருக்கும், என்னைப் போலவே கணீர்க் குரல். அவர்கள் ரூமிலும் சுவரில் நல்ல மார்க்கு வாங்கின பிள்ளைகள் படம் இருந்தது. அங்கேதான் நான் ஒரு கேள்வி கேட்டேன், என் ஆயுசில் நான் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் பெரிய கேள்வி என்று பெரியம்மாவே ஒத்துக்கொள்கிறாள். பழைய ரிக் விற்கிறவன் எவனும் இந்த வண்டி ஒரு நாள் ஆயிரம் அடி துளைத்துப் போனது என்றுதான் சொல்லுவான். அது கணக்கில்லை. தினசரி எத்தனை அடி போகிறது என்று கேட்க வேண்டும். அதையேதான் கேட்டேன், "டாக்டரான புள்ளைங்க படமெல்லாம் பாத்துட்டனுங்க டீச்சர், நடு மார்க்கு வாங்குன புள்ளைங்க இப்ப எங்க இருக்குதுங்க?"

அந்தம்மா மேலும் கீழும் என்னைப் பார்த்தார்கள். சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஈரோட்டில் ஜவுளி எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் இருக்கிறாள், ஒருத்தி சேலத்தில் பி.காம் படிக்கிறாள், ஒருத்தி ராசிபுரத்தில் தையல் மிஷின் போட்டு ஆள் வைத்து நடத்துகிறாள், ஒருத்தி கணக்குப் பதிவியலில் பெயிலாகி மறுபடி எழுதித் தேறி இப்போது டீச்சர் டிரெய்னிங்கில் இருக்கிறாள், ஒருத்தியைப் படிப்பு முடியாமலே கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அவள் வீட்டுக்கு நானே போய்ப் பேசிப் பார்த்தேன், கேட்கவில்லை, அது எனக்கு இன்னும் ஆறவில்லை என்றார்கள். பெற்றவள் சொல்வது போல் பெயர் பெயராகச் சொன்னார்கள் அம்மிணி. ஒரு ஐம்பது பெயராவது இருக்கும். பெரியம்மா ஏழெட்டு என்கிறாள், ஏழெட்டு என்றாலும் காகிதம் பார்க்காமல் சொன்னது. இந்தக் கேள்வியை அந்தப் பெரிய ஸ்கூலில் ஏன் கேட்கவில்லை என்று நீ நினைப்பாய். அங்கேயும் பிறகு போனில் கேட்டேன். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி பேட்ச் இருக்கிறது சார் என்றார்கள். பேட்ச் பெயர் சொன்னார்கள், பிள்ளை பெயர் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் நான் உன் பக்கம்தான் நின்றேன், வாக்குக் கொடுத்தவன் நான். பெரியம்மா இந்த ஸ்கூல்தான் என்று நின்றாள். இரண்டு நாள் வீட்டில் சட்னி கூடத் தனித்தனியாக அரைபட்டது.

அதற்கு மேல் கருப்பணார்தான் சொல்ல வேண்டும் என்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பூக் கேட்கிற முறை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கே கேட்டதுதான். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலைத் துணுக்கில் ஒரே மாதிரி மடித்து சாமி காலடியில் வைத்துக் கலக்கிவிட வேண்டும், கேட்கிற கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள் கேட்க வேண்டும், கன்னிப் பிள்ளை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும், வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி காத்தான் மணியடித்தார், நாங்கள் கண்ணை மூடிக் கேட்டோம், மதுவே போய் எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. அங்கேயே, அந்த வேல் நட்ட இடத்திலேயே நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டேன். நீயும் அழுதாய், நானும் அழுதேன். நான் அழவில்லை என்று மறுநாள் ஊரில் சொல்லியிருக்கிறேன், நீ அதற்கு மாறாகச் சொல்லாதே.

வண்டியில் வரும்போது பெரியம்மாவும் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இத்தனை நாள் முரண்டு பிடித்தவள் சாமி சொன்னதும் இப்படி வளைந்துவிட்டாளே என்று. திங்கட்கிழமை போய்ச் சேர்த்துவிடலாமுங்க, மயிலம்மாள் டீச்சருக்கு இப்பவே சொல்லிப் போடுங்க என்றாள். மயிலம்மாள் டீச்சருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றேன். "ஏனுங்க, நீங்க என்னன்னு கேட்டீங்க?" என்றாள். நான் பெரிய ஸ்கூலில் சேர்க்கலாமா என்று கேட்டேன் என்றேன். நான் பெரியநாயகி ஸ்கூலில் சேர்க்கலாமா என்று கேட்டேன் என்றாள். ஒரே பொட்டலம், ஒரே வெள்ளைப் பூ, அதில் இரண்டு ஸ்கூல். வாய்விட்டுச் சொல்லாத முறையில் இப்படி ஒரு வில்லங்கம் இருக்கிறது என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. கருப்பணார் வீட்டுக்குப் பெரியவனைத்தான் மதிப்பார், என் கேள்விக்குத்தான் பதில் என்றேன். வெள்ளி தவறாமல் அவர் காலடியைக் கூட்டித் துடைக்கிறவள் நான், என் கேள்விக்குத்தான் என்றாள். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். மல்லூர்ப் பக்கம் போகிற லாரிக்காரன் எல்லாம் என்னவோ விபத்து என்று எட்டிப் பார்த்துக்கொண்டு போனான்.

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து மது பேசினாள். நீ இதைக் கவனமாகப் படிக்க வேண்டும் கண்ணு, இந்த இடத்தில் நான் ஒரு சொல் கூட்டவில்லை, பெரியம்மாவும் திருத்தவில்லை. "அப்புச்சி, நானும் ஒண்ணு கேட்டனுங்க. அந்தப் பெரிய ஸ்கூலு வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டனுங்க. சொல்லுன்னு வெள்ளை வந்துருச்சு. ஆனா எனக்குச் சொல்ற தைரியம் வரலீங்க" என்றாள். ஏன் கண்ணு வேண்டாம் என்று நான்தான் கேட்டேன். அவள் உடனே சொல்லவில்லை, அவள் எதையும் உடனே சொல்ல மாட்டாள். பிறகு சொன்னாள், "அங்க நான் கடைசிப் புள்ளையாத்தான் இருப்பனுங்க அப்புச்சி. கடைசில இருந்தா எனக்குப் பயத்துலயே எதும் ஏறாது. இங்க நடுவால இருப்பேன். நடுவால இருந்தா எனக்குப் படிப்பு வருமுங்க." உயிரியல் வேண்டாம், காமர்ஸ் குரூப் வேண்டும், கணக்குப் பதிவியல் தனக்குப் புரியும் என்று தோன்றுகிறது என்றும் சொன்னாள். டாக்டர் ஆக ஆசை இல்லையா என்று கேட்டேன். அது அம்மாவின் ஆசை அப்புச்சி, அம்மா ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள், அதனால்தான் வாய் வரவில்லை என்றாள். அழவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், நேராக என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ரஞ்சிதா, என் முன்னால் உட்கார்ந்து வேண்டாம் என்று சொன்ன ஆள் இந்த ஜில்லாவில் யாரும் இல்லை, பெரியம்மாவைத் தவிர. பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னது. எனக்கு நெஞ்சு இத்தனை பெரிதாகிவிட்டது.

இருந்தாலும் சாமி விஷயம், நாமாக முடிவு செய்யக் கூடாது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி கோயிலுக்கே போனேன். காத்தான் அப்போதுதான் நடையைச் சாத்தப் போனார். நடந்ததைச் சொல்லி இன்னொரு தடவை பூப் போடுங்கள் என்றேன். முடியாது என்றுவிட்டார். ஒரே காரியத்துக்கு இரண்டு தடவை கேட்டால் சாமி சொன்னதை நம்பவில்லை என்று ஆகிவிடும், கேட்கவே கூடாது என்றார். சரி, மூன்று பேர் மூன்று கேள்வி கேட்டால் யாருக்குப் பதில் என்றேன். "இதுல என்னங்க சந்தேகம், பூவ எடுத்த கை யாருதோ, பதிலும் அவுங்களுக்குத்தானுங்க. கேக்கற எல்லாருக்கும் சாமி பதில் சொல்லிட்டிருந்தா விடிஞ்சு போயிருமுங்க" என்றார். அதுதான் முறையாம், அவர் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தானாம். எனக்கும் அது முன்பே தெரியும், அவர் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டேன். ஆக, கருப்பணார் வெள்ளைப் பூ கொடுத்தது அந்த ஸ்கூலுக்கும் இல்லை, இந்த ஸ்கூலுக்கும் இல்லை அம்மிணி. உன் மகளுக்கு, உன்னிடம் வாயைத் திறந்து பேசு என்று கொடுத்தது. அவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அதனால் நான் முந்திக்கொண்டு, எல்லாம் என் முடிவு, நான்தான் மாற்றினேன் என்று உன்னிடம் போனில் சொன்னேன். அதற்குத்தான் நீ கருப்பணாரை ஏமாற்றினீர்களா என்று கேட்டாய். திட்டு வாங்குகிற தோள் எனக்கு அகலம், பிள்ளை மேல் படாமல் என்மேல் விழட்டும் என்று இருந்துவிட்டேன்.

பெரிய ஸ்கூலுக்குப் போய் சீட் வேண்டாம் என்று சொன்னபோது அவர்கள் என்னைக் கெஞ்சாத குறை. சரி சார் என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள் என்கிறாள் பெரியம்மா, கூப்பிட்ட குரலில் வருத்தம் இருந்தது எனக்குத்தான் தெரியும். மது பெரியநாயகி ஸ்கூலில் சேர்ந்து காமர்ஸ் குரூப்பில் உட்கார்ந்துவிட்டாள். வேன் நம் வாசலுக்கே வருகிறது, அதாவது பஸ் ஸ்டாப்பு வரைக்கும், அங்கிருந்து வாசல் எத்தனை தூரம். முதல் நாள் திரும்பி வந்ததும் எருமைத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு பற்று வரவு என்றால் என்ன என்று எனக்குப் பாடம் நடத்தினாள். எனக்குத் தெரியாததா, ரிக் வண்டிக் கணக்கை முப்பது வருடம் மண்டையிலேயே வைத்திருந்தவன், ஆனாலும் தெரியாதது போல் கேட்டுக்கொண்டேன். கேட்கக் கேட்க எனக்கே சில விஷயம் புதிதாக இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. போன வாரம் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள், வகுப்பில் அவள் நடுவில் வந்திருக்கிறாள். நடுவில் என்றால் நடுவில், நான் ஒன்றும் கூட்டவில்லை. பால் சொசைட்டியில் நின்று, என் பேத்தி நடுவில் வந்திருக்கிறாள் என்று உரக்கச் சொன்னேன். இதைப் போய்ச் சொல்கிறானே என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். முந்நூறு அடியில் நிதானமாக ஊறுகிற தண்ணீரை விட்டுவிட்டு, பொங்கி அடிக்க வேண்டும் என்று ஆயிரத்து இருநூறு அடி போய்ப் புழுதி பார்த்த தோட்டங்காடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் சாமி. நீயும் நடு மார்க்குக்காரிதான். நர்ஸ் கோர்ஸில் சேரும்போது உன் மார்க்கைப் பார்த்து, இது தேறுமா என்று கேட்டவர்களிடம் எல்லாம் நான் வாயடித்துவிட்டு வந்தேன். இன்றைக்கு மஸ்கட்டில் இருக்கிற கிழவனார் ஒருவர் ஊசி போட உன்னைத் தவிர வேறு யாரையும் கிட்டே விட மாட்டாராம், முருகானந்தம் சொன்னான். டாக்டர் முன்னால் நடக்கிறாரோ பின்னால் நடக்கிறாரோ, அந்தக் கிழவனார் கண் தேடுவது உன்னைத்தானே. உன் ஆசை கெட்ட ஆசை இல்லை. ஆனால் அது உன் கால் அளவுக்கு எடுத்த செருப்பு மாதிரி, அவள் கால் வேறு அளவு. உன் வருத்தம் ஆற நாளாகும், ஆறட்டும், என்னிடம் பேசாமலே இன்னும் ஒரு மாதம் இரு, நான் தாங்குவேன். ஆனால் மது தாங்க மாட்டாள். நீ தினமும் அவளிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்கிறாய், ஸ்கூல் பேச்சை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறாய். போனை வைத்த பிறகு அவள் கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நேற்று என்னிடம் வந்து, அப்புச்சி, நீங்கள் என் பழியை வாங்கிக்கொண்டது போதும், வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். அதற்குப் பழக நேற்றிலிருந்தே மாட்டுக் கொட்டகையில் நின்று கன்றுக்குட்டியிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதம் எழுதுகிற விஷயம் அவளுக்குத் தெரியாது. முருகானந்தம் வியாழக்கிழமை அங்கே வந்து இறங்குவான், உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ரூமுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

கருப்பணாரும், மேலிருந்து பார்க்கிற உன் அப்பனும் உனக்குத் துணை இருக்கட்டும், உன் கை தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும், நீ நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்து உன் மகளின் தலையைத் தடவுகிற நாளை நானும் பெரியம்மாவும் இருந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு விஷயம் மறக்காதே கண்ணு. இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவள் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாள், ஒரு இடத்தில் வார்த்தை வராமல் நின்றுவிடுவாள், நீ முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதே, அவளே தேடி எடுத்துக்கொள்வாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் இரு. முடித்த பிறகு, அந்த ஸ்கூல் பேர் என்ன சாமி என்று கேள். உனக்குத் தெரியும்தான். ஆனாலும் கேள், அவள் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் மகளை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கும்
பெரியப்பன் குருமூர்த்தி.
(அடித்தல் திருத்தல் எல்லாம் பெரியம்மா பூவாத்தாள்.)